சம்பந்தி வீட்டுப் பெயர் எஸ்போசிட்டோ

நேப்பிள்ஸ் நகரத்தில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் எஸ்போசிட்டோ. இத்தாலி முழுக்க எடுத்தாலும் முதல் சில இடங்களுக்குள் வந்துவிடும். என் மகள் வாழ்க்கைப்பட்டிருக்கும் வீட்டுக்கும் அதே பெயர்தான். நியூ ஜெர்சியில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம். கல்யாணம் முடிந்து நானும் என் மனைவியும் அங்கே போய்த் தங்கியிருந்தபோது, "நீங்கதான் பழைய ரெக்கார்டு பார்க்கிற ஆளாச்சே, எங்க பெயரைக் கொஞ்சம் தேடிப் பாருங்க" என்று மாப்பிள்ளை சொன்னார். சர்வீஸ் முழுக்கப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டே பழகியவன் நான். சும்மா இருக்க முடியுமா? ஒப்புக்கொண்டேன்.

அவர்கள் வீட்டு ஹாலில் ஒரு கேடயப் படம் மாட்டியிருக்கிறது. இரண்டு சிங்கம், நடுவில் ஒரு கோபுரம், கீழே தங்க எழுத்தில் குடும்பப் பெயர். ஷாப்பிங் மாலில் வாங்கியது. பிரபுக் குடும்பம் என்றும், கப்பலில் வந்த குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் இறங்கியபோது அதிகாரி பெயரைக் குறுக்கி எழுதிவிட்டார் என்றும் சம்பந்தி நம்பிக்கொண்டிருந்தார். இத்தாலியில் இலச்சினை என்பது குறிப்பிட்ட ஒரு வம்சத்துக்குத்தான் உண்டு. ஒரே பெயர் வைத்திருக்கிற எல்லாருக்கும் பொதுவாக ஒரு சின்னம் கிடையாது. அதுவும் எஸ்போசிட்டோவுக்குப் போய்ச் சிங்கம் வரைந்து விற்றவனை என்ன சொல்ல!

இந்தப் பெயர் பெற்றோர் விட்டுச்சென்ற குழந்தைகளுக்கு வைத்த பெயர். நேப்பிள்ஸில் ஃபோர்செல்லா பகுதியில் அனுன்சியாட்டா என்ற பெரிய தர்ம ஸ்தாபனம் இருந்தது. கோயில், ஆஸ்பத்திரி, அனாதை இல்லம் எல்லாம் சேர்ந்த இடம். தெருப்பக்கச் சுவரில் ஒரு திறப்பு, அதற்குள் சுழலும் மர உருளை. வெளியே இருந்து குழந்தையை அதில் வைத்துத் திருப்பினால் உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வைத்தது யார் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. குழந்தையின் கழுத்தில் ஈய முத்திரை கட்டி, புத்தகத்தில் பதிந்து, பால் கொடுக்கும் தாயிடம் ஒப்படைப்பார்கள். குடும்பப் பெயர் தெரியாத குழந்தை என்பதால் 'வெளியே வைக்கப்பட்டவன்' என்ற பொருளில் எஸ்போசிட்டோ என்று எழுதினார்கள். அந்தச் சக்கரம் 1875-இல்தான் மூடப்பட்டது. சுவரில் அந்த இடத்தை இன்றைக்கும் பார்க்கலாம்.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான், பெயர்தான் வேறு. பிளாரன்ஸில் இன்னோசென்ட்டி, ரோமில் புரோயெட்டி, மிலானில் கொலம்போ, போலோக்னா பக்கம் டெல்யி எஸ்போஸ்டி, சிசிலியில் ட்ரோவாட்டோ. மிலானில் கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்ற ஆஸ்பத்திரியின் சின்னத்தில் புறா இருந்ததால் கொலம்போ. அந்தப் பெயர் உள்ள எல்லாருமே அப்படி வந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் நிறையப் பேர் அப்படித்தான். பிளாரன்ஸ் அனாதை இல்லத்தின் மியூசியத்தில், குழந்தையோடு வைத்துவிட்டுப் போன பாதி நாணயங்களும் பாதிப் பதக்கங்களும் இருக்கின்றன. மறு பாதியைத் தாய் வைத்திருப்பாள். என்றாவது திரும்பி வந்து ஒட்டிப் பார்த்து அடையாளம் காட்டலாம் என்ற ஏற்பாடு.

தேடுகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது, இரண்டு எஸ்போசிட்டோக்கள் சந்தித்தால் அவர்கள் சொந்தக்காரர்கள் என்று நினைக்க ஒரு முகாந்திரமும் இல்லை என்பதுதான். ஒவ்வொரு குழந்தையும் தனித்தனி வம்சத்தின் தொடக்கம். நம் ஊரில் 'ஒரே கோத்திரம்' என்கிற மாதிரி இதைப் பார்க்கவே கூடாது. இணையத்தில் பெயரை அடித்து வருகிற முன்னூறு ஆண்டு வம்ச மரங்களில் முக்கால்வாசி, யாரோ ஓர் எஸ்போசிட்டோவை வேறு யாரோ ஓர் எஸ்போசிட்டோவோடு முடிச்சுப் போட்டவை.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்தப் பெயரால் ஆட்களை ஒதுக்கி வைக்கிறார்கள் என்று, நெப்போலியனின் மைத்துனர் முரா நேப்பிள்ஸை ஆண்ட காலத்தில் (1808 முதல் 1815 வரை) கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு எஸ்போசிட்டோ என்று பெயர் வைப்பதற்குத் தடை வந்தது. அதற்குப் பிறகு வந்த குழந்தைகளுக்குக் குமாஸ்தாக்கள் ஏதாவது ஒரு பெயரைப் புதிதாகக் கற்பித்து எழுதினார்கள். ஆகவே 1887-இல் பிறந்த ஓர் எஸ்போசிட்டோ தானே கைவிடப்பட்ட குழந்தையாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. அவருடைய தாத்தாவோ, தாத்தாவின் அப்பாவோ, அதற்கும் மேலே யாரோதான் அந்தச் சக்கரத்தின் வழியாக வந்திருப்பார்கள். நேப்பிள்ஸ் ராஜ்யத்தில் அரசாங்கப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு தொடங்கியது 1809-இல். தேடுகிற ஆள் சரியாக அந்தப் பதிவின் விளிம்பில் நிற்பார். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் அகப்படுவார்.

இதைச் சம்பந்தி வீட்டில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கம். மகள், "அப்பா, நோன்னா முன்னாடி மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். நோன்னா என்றால் மாப்பிள்ளையின் அப்பாவைப் பெற்ற பாட்டி. தொண்ணூறு வயதைத் தாண்டியவர், பிறந்ததே அமெரிக்காவில். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சம்பந்தியே கேடயத்தைக் காட்டிப் பேச்சை எடுக்க, நோன்னா தக்காளிக் குழம்பைக் கிளறிக்கொண்டே, "பிரபுவாம் பிரபு! உன் தாத்தாவே என்கிட்ட சொல்லியிருக்கார், நாங்க மடோனாவோட பிள்ளைங்கன்னு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மடோனா என்றால் மாதா. அனுன்சியாட்டாவில் வளர்ந்தவர்களை அந்த ஊரில் அப்படிச் சொல்வது வழக்கம். தயங்கியதெல்லாம் நாங்கள்தான். வயதானவர்களிடம் முதலில் கேளுங்கள், காகிதத்தை அப்புறம் பாருங்கள். நோன்னாவுக்குத் தெரிந்த விஷயத்தை அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை, அவர் மகனிடம் யாரும் சொன்னதும் இல்லை.

எஸ்போசிட்டோக்கள் இன்றைக்கு எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். இத்தாலியக் குடும்பப் பெயர்கள் எந்தெந்த வட்டாரத்தில் இருக்கின்றன என்று காட்டும் வரைபடத் தளங்கள் இருக்கின்றன. எஸ்போசிட்டோ என்று போட்டால் கம்பானியா மாநிலம் கருத்துப் போகும். மிலானிலும் டூரினிலும் தெரிகிற புள்ளிகள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொழிற்சாலை வேலைக்கு வடக்கே போன தெற்கத்தியர்களுடையவை. அவை பூர்விகத்தைக் காட்டாது. வெளிநாட்டில் முக்கியமாக அமெரிக்கா, அர்ஜென்டினா, பிரேசில், கனடா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா. அமெரிக்காவுக்குள் நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாநிலங்கள்தான் கோட்டை, ஏனென்றால் நேப்பிள்ஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பல்கள் நியூயார்க்கில் இறக்கிவிட்டன. கனடாவில் ஒன்டாரியோவின் சூ செயின்ட் மேரி ஓர் எஃகு ஆலை நகரம். அங்கே பிறந்த ஃபில் எஸ்போசிட்டோவும் டோனி எஸ்போசிட்டோவும் ஐஸ் ஹாக்கியில் பெரிய ஆட்கள். அண்ணன் கோல் போடுகிறவர், தம்பி கோல் தடுக்கிறவர். நடிகர் ஜியான்கார்லோ எஸ்போசிட்டோ பிறந்தது டென்மார்க்கில், அப்பா இத்தாலியர், அம்மா ஆப்பிரிக்க அமெரிக்கர். மால்டா தீவிலும் எஸ்போசிட்டோ என்ற பெயர் உண்டு. நேப்பிள்ஸ் விரிகுடாவில் இருக்கும் புரோசிடா தீவின் மீனவர்கள் அல்ஜீரியாவின் மெர்ஸ் எல் கெபீர் வரைக்கும் போய்க் குடியேறியிருக்கிறார்கள். இப்படிப் போன ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் ஊர் இருக்கிறது, ஒரு தொழில் இருக்கிறது. வரைபடத்தைப் பார்க்கும்போது அதைக் கவனிக்க வேண்டும், எண்ணிக்கையை அல்ல.

அமெரிக்காவில் இந்தப் பெயரை 'எஸ்பசீட்டோ' என்று இழுக்கிறார்கள். இத்தாலியில் அழுத்தம் 'போ'வில் விழும். நோன்னா மட்டும் சரியாகச் சொல்வார்.

எல்லிஸ் தீவில் பெயரை மாற்றினார்கள் என்பது பல இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்களில் புழங்கும் கதை. அங்கே இருந்த அதிகாரிகள் பெயர் எதையும் எழுதவில்லை. கப்பல் கிளம்பும் துறைமுகத்தில் கம்பெனிக்காரர்கள் எழுதிய பயணிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர் மாறியிருந்தால் அது பிற்பாடு பள்ளிக்கூடத்தில், வேலை இடத்தில், அல்லது அவர்களே விரும்பி மாற்றியது. பெயரைக் கெடுப்பதற்கு இன்றைய கம்ப்யூட்டர் போதும். குடும்பப் பெயர் இல்லாத தமிழனான எனக்கு விசாவில் 'எஃப்.என்.யு.' (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன், அதாவது முதல் பெயர் தெரியவில்லை) என்று ஒரு முதல் பெயரைச் சூட்டினார்கள். நியூ ஜெர்சி கிளினிக்கில் என்னை "மிஸ்டர் எஃப்னு" என்று கூப்பிட்டபோது மாப்பிள்ளை சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

சரி, தேடலுக்கு வருவோம். இத்தாலியில் தேட குடும்பப் பெயர் மட்டும் போதாது. ஊர் வேண்டும். ஊர் என்றால் மாநிலமோ மாவட்டமோ போதாது, பதிவு நடந்த கொமூனே, அதாவது நம் ஊராட்சி, நகராட்சி மாதிரி அடிமட்ட நிர்வாக ஊர் எது என்று தெரிய வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் "நேப்பிள்ஸ்" என்றார்கள். கப்பல் ஏறிய இடம் நேப்பிள்ஸ் என்பதால் மாவட்டத்தில் எந்த மூலையில் பிறந்தவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். நேப்பிள்ஸ் நகரத்திலேயே பிறந்தவர் என்றாலும் கஷ்டம்தான். அங்கே பதிவுகள் சான் லொரென்சோ, விக்காரியா, மெர்காட்டோ, ஸ்டெல்லா என்று பேட்டை பேட்டையாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பேட்டையிலும் ஒரே வருஷத்தில் எத்தனையோ எஸ்போசிட்டோ பிறந்திருப்பார்கள்.

அந்த ஊரைக் கண்டுபிடிக்க அமெரிக்கக் காகிதமே போதும். 1907-க்குப் பிறகான கப்பல் பட்டியலில், சொந்த ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினர் பெயரும் முகவரியும் பயணி பிறந்த இடமும் இருக்கும். இரண்டு பக்கப் படிவம் அது. முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 1906 செப்டம்பருக்குப் பிறகான குடியுரிமை மனுக்களில் பிறந்த தேதியும் இடமும் உண்டு. 1917-இல் முதல் உலகப் போருக்கு ஆள் எடுக்க எழுதிய அட்டையில் பிறந்த ஊரைக் கேட்டிருக்கிறார்கள். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்தின் எண்ணுக்கு விண்ணப்பித்த படிவத்தில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரும்பாலும் 'இத்தாலி' என்று எழுதி முடித்துவிடுவார்கள், அதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம்.

எங்களுக்குக் கைகொடுத்தது 1917 அட்டை. அமெரிக்கக் குமாஸ்தா காதில் விழுந்ததை விழுந்தபடி 'டோரி டல் கிரெக்' என்று எழுதியிருந்தார். வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத்தில், கடலோரம் இருக்கும் டோரே டெல் கிரேகோ. பவளத்துக்குப் பேர்போன ஊர். 1794-இல் எரிமலைக் குழம்பு வந்து ஊரையே மூடியது. அங்கே சாந்தா குரோச்சே கோயிலின் மணிக்கூண்டில் அடிப்பாதி இன்னமும் அந்தக் குழம்புக்குள்தான் புதைந்திருக்கிறது.

ஊர் தெரிந்துவிட்டால் அன்டெனாட்டி. இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் இலவச இணையதளம். மாவட்டம், ஊர், வருஷம், பிறப்பா, இறப்பா, திருமணமா என்று தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். பெரும்பாலான ஊர்களுக்குப் பெயரை அடித்துத் தேடுகிற வசதி இல்லை. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் ஒரு பட்டியல் இருக்கும், முதலில் அங்கே போங்கள். பழைய புத்தகங்கள் சிலவற்றில் அந்தப் பட்டியலைக் குடும்பப் பெயர் வரிசையில் எழுதாமல் முதல் பெயர் வரிசையில் எழுதியிருப்பார்கள். 'எ' வரிசையில் தேடிவிட்டு 'இல்லை' என்று மூடிவிடாதீர்கள்.

பாஷை தெரியாதே என்று பயப்பட வேண்டியதில்லை. அச்சடித்த படிவத்தில் காலி இடங்களை நிரப்பியிருப்பார்கள். ஒரு பத்துப் பதிவு பார்த்தால் எந்த இடத்தில் எது வரும் என்று கண் பழகிவிடும். நம்மூர் கிரயப் பத்திரமும் அப்படித்தானே. தகப்பன் பெயருக்கு முன்னால் 'டி' என்று இருந்தால் அவர் உயிரோடு இருக்கிறார், 'ஃபு' என்றால் காலமாகிவிட்டார். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் 1850-இல் 'டி', 1856-இல் 'ஃபு' என்றால் இறப்புப் பதிவைத் தேட வேண்டிய வருஷங்கள் ஆறேழாகச் சுருங்கிவிடுகின்றன.

பெண்கள் பெயர்தான் உண்மையான பிடி. இத்தாலியில் கல்யாணம் ஆனாலும் பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாகிறாள். சாகும் வரை அதே பெயர். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்று வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதனால் அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே தாத்தா பெயர் இருக்கும். ஜென்னாரோ எஸ்போசிட்டோ என்று ஒரே ஊரில் ஐந்து பேர் கிடைத்தால், அம்மா யார், பெண்டாட்டி யார் என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும். எஸ்போசிட்டோவை விட்டுவிட்டு அந்த வீட்டுக்கு வந்த மருமகள்களின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நான் மேலே ஏறினேன்.

திருமணப் பதிவோடு ஒரு கட்டு இருக்கும். கல்யாணத்துக்காகத் தாக்கல் செய்த இணைப்புக் காகிதங்கள். பிறப்புச் சான்று நகல், அப்பா இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்று, அப்பா இல்லாதபோது தாத்தாவின் சம்மதம் வேண்டும் என்பதால், அவரும் இல்லை என்று காட்டத் தாத்தாவின் இறப்புச் சான்று. ஒரு கட்டிலேயே மூன்று தலைமுறை கிடைத்துவிடும். 1700-களில் செத்தவருக்குக்கூடக் கோயில் புத்தகத்திலிருந்து எடுத்த நகல் அதில் இருக்கும். இந்தக் கட்டைப் பார்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

நாங்கள் தேடிய குடும்பத்தில், அமெரிக்காவுக்கு வந்தவரின் முப்பாட்டன் 1820-ஐ ஒட்டிக் கல்யாணம் பண்ணியிருக்கிறார். பெண் பக்கத்துக் காகிதங்கள் தடிமனாக இருந்தன. மணமகன் பக்கம் ஒல்லி. மற்றவர்கள் கொண்டுவந்த அப்பாவின் இறப்புச் சான்று இல்லை, தாத்தாவினுடையது இல்லை. பெற்றோர் பெயர் வரவேண்டிய இடத்தில் 'பெற்றோர் அறியப்படாதவர்' என்று இரண்டு வார்த்தை. மீனவர், எழுதத் தெரியாது. என் சர்வீஸில் மூலப் பத்திரம் இல்லாத சொத்து எத்தனையோ பார்த்திருக்கிறேன், அங்கே எனக்கு வருவது எரிச்சல்தான். இங்கே அந்த ஒல்லிக் கட்டை மாப்பிள்ளையும் நானும் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு மேலே போக வழியில்லை. அனுன்சியாட்டாவின் பழைய பதிவேடுகள் நேப்பிள்ஸில் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் இந்த ஆள் அங்கே வந்தவரா, உள்ளூரிலேயே ஏற்றுக்கொண்ட குழந்தையா என்று முதலில் தெரிய வேண்டும். சின்ன ஊர்களிலும் இப்படிக் குழந்தைகளை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. அரசாங்கப் பதிவு வந்த பிறகு பிறந்த குழந்தையாக இருந்தால், எந்த நேரத்தில் கண்டெடுத்தார்கள், என்ன துணி சுற்றியிருந்தது, கழுத்தில் என்ன கட்டியிருந்தது என்பதுவரை பிறப்புப் பதிவில் எழுதியிருப்பார்கள். இவர் அதற்குக் கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டார்.

அந்தக் கடற்கரையிலிருந்து இன்னொரு கிளை பியூனஸ் அயர்ஸ் போயிருக்கிறது. அமெரிக்கா வந்தவருக்கு அண்ணன் முறை. அர்ஜென்டினாவில் தேடும்போது ஒரு குழி இருக்கிறது. ஸ்பானிஷ் மொழியிலும் இதே வழக்கம், இதே மூலத்திலிருந்து 'எக்ஸ்போசிட்டோ' என்ற பெயர் உண்டு. இத்தாலியர் வந்து இறங்கினால் குமாஸ்தா தன் பாஷையில் அப்படி மாற்றி எழுதிவிடுவார். போதாததற்கு, பியூனஸ் அயர்ஸிலேயே 1779-இல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் செலவுக்கு ஓர் அச்சகத்தையே எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆக, அங்கே எக்ஸ்போசிட்டோ என்று இருப்பவர் நேப்பிள்ஸ்காரர் வம்சமாக இருக்கலாம், ஸ்பெயின்காரர் வம்சமாக இருக்கலாம், உள்ளூர் இல்லத்தில் வளர்ந்தவர் வம்சமாகவும் இருக்கலாம். 1895 அர்ஜென்டினா மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த நாட்டவர் என்ற கட்டத்தைப் பார்த்து இத்தாலியர்களைத் தனியே எடுக்கலாம். துறைமுகத்தில் இறங்கியவர்கள் பட்டியலுக்கு, 1882 முதலான பதிவுகளைத் தொகுத்திருக்கும் செம்லா என்ற ஆய்வு மையம் பியூனஸ் அயர்ஸில் இருக்கிறது. பெயரை இரண்டு எழுத்து வழக்கிலும் கொடுத்துத் தேட வேண்டும். எங்களுக்கு இன்னும் அந்த ஆள் அகப்படவில்லை.

பாஸ்போர்ட்டுக்காக இதையெல்லாம் தேடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தாலிய முன்னோர் ஒருவர் இருந்தால் எத்தனை தலைமுறையானாலும் குடியுரிமை கேட்கலாம் என்று இருந்த நிலை 2025 மார்ச் 28-ஆம் தேதி வந்த அவசரச் சட்டத்தோடு மாறிவிட்டது. மே மாதம் அது நிரந்தரச் சட்டமானது. பொதுவாகப் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி தலைமுறையோடு கோடு போட்டுவிட்டார்கள். அதற்கு முந்தின நாள்வரை மனுப் போட்டிருந்தவர்களுக்குப் பழைய விதி. மாப்பிள்ளைக்கு இத்தாலியில் பிறந்தவர் தாத்தாவின் அப்பா என்பதால் அந்த வழி இல்லை. பணம் வாங்கிக்கொண்டு முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்டுகளிடம் முதல் கேள்வியாக இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

இணையத்தில் படம் இல்லாத வருஷங்களுக்கு அந்த ஊர் கொமூனே அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடலாம். இத்தாலிய மொழியில், அரைப் பக்கத்துக்குள். ஆள் பெயர், தேதி அல்லது சுமாரான வருஷம், பெற்றோர் பெயர், உங்களுக்கு என்ன உறவு, இவ்வளவு போதும். குடும்பக் கதையை எழுதினால் படிக்க மாட்டார்கள். சுருக்கச் சான்று கேட்காமல் 'கோப்பியா இன்டெக்ராலே', அதாவது பதிவின் முழு நகல் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். சுருக்கத்தில் முக்கிய விவரங்கள்தான் வரும். முழு நகலில் பதிவில் உள்ளதெல்லாம் அப்படியே வரும், ஓரத்தில் எழுதிய குறிப்புகளும் சேர்த்து, யாரைக் கல்யாணம் செய்தார், எந்த ஊரில் என்று. பதில் வர மாசக்கணக்கில் ஆகலாம். ஆகஸ்டில் அனுப்பாதீர்கள், அந்த மாசம் அங்கே பாதிப் பேர் லீவு.